உப்பும் மிளகும்

ஆரப்பாளையத்தில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்,
கூடைக்குள்ள என்னம்மா.
பூனை என்றேன்.
சீட்டுக் கிழிக்கும் விரல் நின்று யோசித்தது.
கோழிக்குப் போட்டிருக்கிறார், ஆட்டுக்குப் போட்டிருக்கிறார்,
பூனைக்கு லக்கேஜ் போட்டுப் பழக்கமில்லை.
மடியில வச்சுக்கங்க, சத்தம் வரக்கூடாது.

வந்தது.
சமயநல்லூர் வரைக்கும் வந்தது.
ஒயர் கூடையின் வாயில் கட்டிய துப்பட்டாவின்
பொத்தல் வழியே ஒற்றைக் கண்
ஓடுகிற தென்னைகளைக் கணக்கெடுத்தது.

எல்லாம் தீபாவளியால் வந்த நேர்ச்சை.
முதல் சரவெடிக்கு ஓடியவள்
பதினோரு நாள் திரும்பவில்லை.
பால் கிண்ணத்தில் எறும்புகள் மிதந்தன.
லேத் பட்டறையிலிருந்து வந்த சூசைராஜ்
கைகூடக் கழுவாமல்
கரிமேட்டுச் சந்து சந்தாக
மிளகு, மிளகு என்று கூப்பிட்டுப் போனார்.
கால் கிலோ எவ்வளவு என்று
ஒரு வீட்டில் கேட்டார்களாம்.

அப்போது நான் வேண்டிக்கொண்டது
பதுவை அந்தோணியாரிடம்.
தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்தான்.
பீரோ சாவி, கம்மல் திருகாணி, ரேஷன் கார்டு
எல்லாம் தந்திருக்கிறார்.
விலங்குகளை மந்திரிப்பதோ
வனத்து அந்தோணியார் கோயிலில்.
தாடிக்காரர், கையில் தடி, காலடியில் பன்றிக்குட்டி.
அவரிடம் பட்ட கடனை இவரிடம் கட்டுகிறேன்.
ஒரே பேர்தானே,
உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

வாடிப்பட்டி தாண்டி இறங்கி நடந்தால்
மைதானம் முழுக்கச் சாணி, சந்தனம், புழுதி.
கொம்பில் பெயிண்ட் காயாத காளைகள்.
ஒன்று நேற்று அலங்காநல்லூரில்
யார் கைக்கும் பிடிபடாமல் வந்ததாம்.
அதன் மூக்கில் உட்கார்ந்த ஈ
எழுந்திருக்க மறுத்தது.

பொட்டலம் விற்கிற பெண் வழிமறித்தாள்,
உப்பு மிளகு வாங்குங்கக்கா, காணிக்கைக்கு.
உப்பு மட்டும் குடு,
மிளகு கொண்டுவந்திருக்கேன்.
அவளுக்குப் புரியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு சினைப்பசு.
பின்னால் மூன்று குட்டிகளோடு வெள்ளாடு.
மைக்கில் பாதர் வாசிக்கத் தொடங்கினார்:
ஆண்டவரே, இவை பெருகட்டும்,
மடி நிறையட்டும், தொழுவம் நிறையட்டும்,
இவற்றின் வயிறு வீணாகாதிருக்கட்டும்.

என் கைகள் தாமாகக் கூடைக்குள் போயின.
மிளகின் காதுகளைப் பொத்தினேன்.

தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரியில்
ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் சொன்னார்,
இனி குட்டி போடாது, நிம்மதியா இருக்கும்.
அந்த வார்த்தையை
மயக்கம் தெளியாத பூனையோடு சேர்த்து
வீடு வரை தூக்கிவந்தேன்.
எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.
தொட்டில் கட்டச் சொன்னார்கள்,
வேளாங்கண்ணிக்குப் போய்க் கட்டினேன்.
செவ்வாய் நவநாள் சொன்னார்கள், இருந்தேன்.
பத்தொன்பது வருஷம்.
தலையில் கைவைத்துச் செபித்த எவரும்
வயிற்றைப் பார்க்காமல்
கையை எடுத்ததில்லை.

என் காதைப் பொத்த
மூன்றாவது கை இல்லை.

பாதர் வந்தார். சின்னப் பையன்,
குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்காது.
கூடையைப் பார்த்ததும் மைக்கை இறக்கினார்.
இதுக்கு என்னன்னு வேண்டிக்கிறது?

இருந்தா போதும், சாமி.

அவ்வளவுதானா?

வெடிச் சத்தத்துக்குப் பயப்படாம இருந்தா நல்லது.

வேப்பங்கொத்தை வாளியில் முக்கித் தெளித்தார்.
மிளகுக்குத் தண்ணீரென்றால் ஆகாது.
முடிச்சு அவிழ ஒரே எக்கு,
தோளில் நகம், கழுத்தில் நகம்.
சினைப்பசு திரும்பிப் பார்த்தது.
அலங்காநல்லூர்க் காளை
இரண்டடி பின்வாங்கியதை
எல்லோரும் பார்த்தார்கள், காளைக்காரர் தவிர.

திரும்பும் பஸ்ஸில் சத்தமே இல்லை.
முதுகில் ஈரம் பட்ட இடங்களை
ஒவ்வொன்றாய் நக்கிக்கொண்டு வந்தாள்.
சமயநல்லூர் வருவதற்குள்
ஆசீர்வாதம் முழுக்க
அவள் வயிற்றுக்குள் போய்விட்டது.

கைக்குள் உப்புப் பொட்டலம் அப்படியே இருந்தது.
செலுத்த மறந்திருக்கிறேன்.

ராத்திரி ரசம் குடித்துவிட்டு
என் கழுத்துக் கீறலைப் பார்த்தபடி
சூசைராஜ் சொன்னார்,
இன்னைக்கு உப்பு சரியா இருக்கு.